அப்பாவின் குரலுக்கு ஒரு பேட்டரி

என் அன்புக்கும் மரியாதைக்கும் உரிய அத்தைக்கு,

உங்கள் தம்பி மகள் எழுதிக்கொள்வது. இங்கு அப்பா, அம்மா, நான் மூவரும் சுகமாக இருக்கிறோம். நான்காவதாக ஒருவருக்கு மட்டும் கொஞ்ச நாளாக உடம்பு சரியில்லாமல் இருந்தது. நேற்று மதியம் எங்கள் சாப்பாட்டு மேசையிலேயே ஆபரேஷன் நடந்து, அவரும் இப்போது எழுந்து உட்கார்ந்துவிட்டார். உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது என்று மறக்காமல் எழுதுங்கள். உங்களுக்குக் காது கேட்காது, அப்பாவுக்குக் குரல் இல்லை, எனக்கோ போனை எடுத்தாலே பேச்சு வராது. நம் குடும்பம் இருக்கும்வரை தபால்காரருக்கு வேலை போகாது.

உங்கள் கடிதத்தில் ஒரே ஒரு கேள்விதான் இருந்தது: "உங்கப்பன் படியிறங்கி வெளிய போறானா இல்லையா?" மீதியெல்லாம் பேட்டரி மாற்றப்போகிற எனக்கான எச்சரிக்கைகள். கேள்விக்குப் பதில், இன்னும் இல்லை. எச்சரிக்கைகளைப் பொறுத்தவரை, நீங்கள் சொன்னபடி ரப்பர் செருப்புப் போட்டுக்கொண்டுதான் வேலையை ஆரம்பித்தேன். பக்கத்தில் ஒரு வாளி மணலும் வைத்துக்கொள்ளச் சொல்லியிருந்தீர்கள். மாடி வீட்டில் மணலுக்கு எங்கே போவது? அதனால் அம்மா ஒரு பூந்தொட்டியைத் தூக்கிவந்து என் காலடியில் வைத்தாள். எதுவும் வெடிக்கவில்லை. பூந்தொட்டியும் நலம்.

அந்த நான்காவது ஆளான லேப்டாப்பை நீங்கள் பார்த்ததில்லை என்பதால் முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். நான் படித்த காலத்தில் வாங்கியது. குரல்வளையை எடுத்துவிட்டு அப்பா ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும், அதில் ஓர் ஏற்பாடு செய்து கொடுத்தேன். அவர் ஒற்றை விரலால் தட்டுவார், ஒரு பொத்தானை அமுக்குவார், அது உரக்க வாசிக்கும். குரல் என்னவோ செய்தி வாசிப்பவருடையது. 'டீயில சர்க்கரை இல்ல' என்பதையும் புயல் எச்சரிக்கை மாதிரிதான் சொல்லும். முதல் வாரம் அம்மா, "யாரோ வேத்து ஆம்பளை வீட்டுக்குள்ள வந்து உக்காந்த மாதிரி இருக்குடி" என்று அறையை விட்டே வெளியே வரவில்லை. அப்புறம் பழகிவிட்டது. எந்த அளவுக்குப் பழகியதென்றால், போனிலும் அதே மாதிரி ஒன்றைப் போட்டுக் கொடுத்தபோது, "ச்சீ, இது அவர் குரலே இல்ல" என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிட்டாள். அப்பாவுக்கும் போன் ஒத்துவரவில்லை. அவர் விரல் ஒரு எழுத்தைக் குறிபார்த்தால் அக்கம்பக்கத்து எழுத்துகளும் சேர்ந்து விழும். எழுதி அழிக்கிற பலகை ஒன்றும் வாங்கிக் கொடுத்தோம். அதை அவர் தொடவே இல்லை. எழுதினதை எதிராளி திரும்பிப் பார்த்தால்தானே படிக்க முடியும்? குரல் அப்படியில்லை, அது முதுகிலும் போய் விழும். கல்யாணமான நாளிலிருந்து அப்பா பெரும்பாலும் அம்மாவின் முதுகோடுதான் பேசிவந்திருக்கிறார். அவள் அடுப்பைப் பார்த்து நின்றிருப்பாள், இவர் சமையலறைக் கதவில் சாய்ந்துகொண்டு அன்றைக்கு வண்டி ஓட்டப் பழக வந்தவர்களின் லட்சணத்தைச் சொல்லிக்கொண்டிருப்பார். அவள் "ம்" கொட்டிக்கொண்டே இருப்பாள்.

அப்படிப்பட்ட லேப்டாப்பின் பேட்டரி செத்துப்போனது. ஒயரைப் பிடுங்கினால் அடுத்த கணம் இருட்டு. ஹாலில் பிளக் பாயின்ட் இருப்பது சன்னலுக்குக் கீழே ஒரே இடத்தில். ஒயர் எவ்வளவு நீளமோ அவ்வளவுதான் அப்பாவின் ராஜ்யம். இதை முதலில் கண்டுகொண்டவள் அம்மாதான். வாக்குவாதம் சூடுபிடிக்கிற நேரம் பார்த்து எழுந்து சமையலறைக்குப் போய்விடுவாள். அப்பா ஒற்றை விரலால் தட்டி முடிப்பதற்குள் சபை கலைந்திருக்கும். ரொம்பவும் முற்றினால் பிளக்கையே பிடுங்கிவிடுவாள். பேச்சில் அம்மா அப்பாவை ஜெயித்தது வாழ்க்கையிலேயே அப்போதுதான், ஆனால் அந்த வெற்றியை அவளால் ஒரு நிமிஷம்கூட அனுபவிக்க முடியவில்லை. பிடுங்கின கையோடு, "சரி சரி, என்ன சொல்ல வந்தீங்க?" என்று தானே திரும்பச் செருகுவாள். லேப்டாப் மெல்லக் கண்விழித்து, பாஸ்வேர்டு கேட்டு, நிதானத்துக்கு வருவதற்குள் அப்பாவுக்குச் சொல்ல வந்தது மறந்துவிடும், அம்மாவுக்குக் கோபம் மறந்துவிடும். இருவரும் திரையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

இது வீட்டுக்குள் நடக்கிற கூத்து. வெளியே பிளக் பாயின்ட் கிடையாது, அத்தை. ஆஸ்பத்திரிக்குக் காரில் கூட்டிப்போனால், அங்கே அப்பா எதிரிலேயே நிற்கும்போது என்னைப் பார்த்து, "இவருக்கு இப்ப எப்படி இருக்கு?" என்று கேட்கிறார்கள். நான் "பரவாயில்லை" என்கிறேன். தன் வண்டியை வேறு யாரோ ஓட்டிக்கொண்டு போவதைப் பார்க்கிற மாதிரி அப்பா அந்தப் "பரவாயில்லை"யைப் பார்த்துக்கொண்டு நிற்பார். அதற்குப் பிறகு படி இறங்குவதையே விட்டுவிட்டார். கார் பழகுகிறவர்களுக்குப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தே காலம் கழித்தவர். வண்டிக்குள்ளிருந்து அவர் "கிளட்ச்!" என்று கத்தினால், எதிரே நடந்து போகிறவர்கள் காலைத் தூக்குவார்கள். அந்த மனிதருக்குச் சன்னலோரம் ஒரு நாற்காலியும் ஒரு ஒயரும் என்று ஆகிவிட்டது. பேட்டரி இருந்தால் லேப்டாப்பைத் தோள்பையில் போட்டுக்கொண்டு தெருமுனை வரையாவது போவார், யாராவது கேட்டால் தானே பதில் சொல்வார் என்று நினைத்தேன். எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

கடைக்கும் போகாமல் இல்லை. கடைக்காரர் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "ஒரு வாரம் வெச்சுட்டுப் போங்க, ஆர்டர் போட்டு வரவழைக்கணும்" என்றார். வீட்டுக்கு வந்து சொன்னேன். தினமும் பிளக்கைப் பிடுங்குகிற அதே அம்மா, "ஒரு வாரமா? அதுவரைக்கும் இந்த வீட்ல நான் யாரு கூடடி பேசறது?" என்றாள். "நான் இருக்கேன்ல?" என்றேன். "நீயா? நீ புஸ்தகத்தைத் தூக்கினா அடுத்த வேளைச் சாப்பாட்டுக்குத்தான் தலை நிமிருவே. பேச்சுத்துணைக்கு ஆளு பாரு!" என்றாள். ஆகவே நானே மாற்றுவது என்று முடிவு செய்தேன். முதலில் வரவழைத்த பேட்டரியில் ஒயர் ஒரு பக்கம் இருந்தது, அது சேரவேண்டிய இடம் மறுபக்கம் இருந்தது. ஒரே பெயரில் இரண்டு மாதிரி செய்திருக்கிறார்கள். பெயர்ப் பொருத்தம் பார்த்தேன், உடல்வாகு பார்க்கவில்லை. திருப்பி அனுப்பி, லேப்டாப்பின் அடிவயிற்றில் பொடி எழுத்தில் இருக்கிற எண்ணைப் பார்த்து, சரியானதை வாங்கினேன்.

நேற்று மதியம் மேசையைத் துடைத்து, துணி விரித்து, லேப்டாப்பை அணைத்து, ஒயரைப் பிடுங்கி, கவிழ்த்துப் போட்டேன். அணைப்பதற்கு முன் அப்பாவிடம், "கடைசியா ஏதாவது சொல்லணுமாப்பா?" என்று கேட்டேன். அப்படிக் கேட்டது தப்பு என்று கேட்ட பிறகுதான் உறைத்தது. அம்மா என் மண்டையில் ஒரு குட்டு வைத்தாள். அப்பா மட்டும் சத்தமில்லாமல் குலுங்கிக் குலுங்கிச் சிரித்துவிட்டு, தட்டினார். "பாத்து ஓட்டு."

பிறகு பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். அங்கேதான் ஆரம்பித்தது வினை. பழக்குகிற காரில் பயிற்சி தருகிறவர் காலடியிலும் ஒரு பிரேக் இருக்கும். அப்பாவின் கால் அதை இன்னும் மறக்கவில்லை. நான் ஸ்க்ரூ டிரைவரைக் கொஞ்சம் சாய்வாகப் பிடித்தால் போதும், தரையில் தொம்மென்று ஒரு மிதி. அவரிடம் கார் பழகியவள் நான். என் உடம்பு அந்தக் காலுக்குக் கட்டுப்பட்டது. அவர் மிதித்தால் என் கை தானாக நின்றுவிடுகிறது. ஒரு ஸ்க்ரூவைக் கழற்றுவதற்குள் பல தடவை நின்று நின்று புறப்பட்டோம். "அப்பா, இது வண்டி இல்ல!" என்றால், எதிரே வரும் லாரிக்கு வழிவிடச் சொல்வது போலக் கையைக் காட்டுகிறார்.

கழற்றின ஸ்க்ரூக்களை ஒரு தாளில், லேப்டாப்பின் படத்தை வரைந்து, எது எங்கிருந்து வந்ததோ அந்த இடத்திலேயே வைத்துக்கொண்டு வந்தேன். எல்லாம் கழற்றியாகிவிட்டது என்ற நம்பிக்கையில், விளிம்பில் என் பழைய நூலக அட்டையைச் செருகி நெம்பினேன். எத்தனையோ புத்தகங்களை எனக்குத் திறந்துவிட்ட அட்டை, இதையும் திறக்கும் என்று ஒரு கர்வம். அட்டை உள்ளே போனது, வெளியே வரவில்லை. இன்னும் அழுத்தி நெம்பினேன். தொம், தொம், தொம் என்று அப்பா மிதித்த மிதியில் கண்ணாடித் தம்ளர்கள் குலுங்கின. அடுத்த நிமிஷம் வாசலில் மணி அடித்தது.

கீழ் வீட்டு அக்கா. "என்ன மேல, பந்தயம் ஏதும் நடக்குதா? என் தலைக்கு மேல சுண்ணாம்பு உதிருது" என்றார். அப்பா அசடு வழிய, தன் காலைத் தானே சுட்டிக் காட்டிவிட்டு நெஞ்சில் கை வைத்தார். அதைப் பார்த்ததும் அக்காவின் குரல் இளகிவிட்டது. "நீங்களா? அப்படின்னா மிதிச்சுக்கோங்க. ஆளையே பாக்க முடியலியேன்னு நேத்துகூட சொல்லிட்டிருந்தேன்" என்றவர், இயல்பாக என் பக்கம் திரும்பி, "எப்படிம்மா இருக்காரு?" என்று கேட்டார். அப்பா மேசையைத் திரும்பிப் பார்த்தார். லேப்டாப் வாயில் அட்டையைக் கவ்வியபடி கவிழ்ந்து கிடந்தது. நான்தான் சொன்னேன், "பரவாயில்லக்கா." அந்த அக்கா கீழே இறங்கிப் போகும்வரை அப்பா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

திரும்பி வந்தால், மேசை பளபளவென்று இருக்கிறது. அம்மாவுக்கு எதுவும் சிதறிக் கிடந்தால் கை சும்மா இருக்காது என்று உங்களுக்குத் தெரியாததா? தாளை மடித்துக் குப்பையில் போட்டுவிட்டு, எல்லா ஸ்க்ரூக்களையும் ஒரே கிண்ணத்தில் அள்ளி, மேலே தட்டுப் போட்டு மூடியும் வைத்திருந்தாள். "ஒண்ணு விடாம பொறுக்கிட்டேன். பத்திரமா இருக்கு" என்று அவள் சொன்னபோது முகத்தில் இருந்த பெருமையைப் பார்த்த பிறகு எனக்குக் கோபிக்க மனம் வரவில்லை. அப்பாவுக்கு வந்தது, ஆனால் அதைச் சொல்லும் சாதனம் கவிழ்ந்து கிடந்தது. வாயைத் திறந்தார், மூடினார், இரண்டு கையையும் விரித்தார். அம்மா பாவம், "ஏன், என்ன இப்ப? சொல்லுங்களேன்!" என்று பழக்க தோஷத்தில் கேட்டுவிட்டு, தானே நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

போனில் பார்த்து வைத்திருந்த வீடியோவை மறுபடி ஓட்டியதில், அடியில் ஒட்டியிருக்கிற ரப்பர் கால்களுக்குள்ளும் ஸ்க்ரூ ஒளிந்திருப்பது தெரிந்தது. உரித்தெடுத்து அதையும் கழற்றியதும், அவ்வளவு நேரம் அடம்பிடித்த மூடி, "இதை முதல்லயே செய்திருக்கலாமே" என்பது போலப் பொளக்கென்று வந்துவிட்டது. உள்ளே பழைய பேட்டரி கறுப்புச் சப்பாத்திப் பலகை மாதிரி படுத்திருந்தது. அதன் ஒயர் முனையை நகத்தால் நெம்பி விடுவித்து, அதைப் பிடித்திருந்த ஸ்க்ரூக்களைக் கழற்றி (இவற்றை என் உள்ளங்கையிலேயே மூடி வைத்துக்கொண்டேன்), எடுத்துவிட்டுப் புதியதை வைத்தேன். அப்பாவின் கால் அந்த நேரம் மட்டும் அசையவே இல்லை.

மூடியைப் பூட்டும்போதுதான் கிண்ணம் எங்களைப் பார்த்துச் சிரித்தது. நீளமான ஸ்க்ரூவைக் குட்டைத் துளையில் திருகினால் உள்ளே ஏதாவது ஓட்டையாகிவிடும். அம்மா தலையிலிருந்து ஒரு ஹேர்பின்னை உருவினாள். "இதுக்கு ஏன் இப்படி முழிக்கிறீங்க ரெண்டு பேரும்?" என்று ஒவ்வொரு துளையிலும் அதை விட்டு ஆழம் பார்த்தாள். "இது ஆழம். இது மேலாக்க. இதுவும் ஆழம்." அவள் சொல்லச் சொல்ல அப்பா கிண்ணத்திலிருந்து பொறுக்கி நீட்டினார். இருவர் தலையும் முட்டிக்கொள்கிற தூரத்தில் இருந்தன. எனக்கு அந்த வேலையை வேகமாக முடிக்கவே தோன்றவில்லை, அத்தை.

நிமிர்த்தி வைத்துப் பொத்தானை அமுக்கினேன். ஒன்றுமில்லை. அழுத்திப் பிடித்தேன். ஒன்றுமில்லை. திரை கறுப்பாக இருந்தது. அதில் எங்கள் மூன்று முகமும் தெரிந்தன. "என்னடி?" என்றாள் அம்மா. நான் மறுபடி அமுக்கினேன். அப்பாவின் குரலை அவர் தொண்டையிலிருந்து எடுத்தவர்கள் படித்த டாக்டர்கள், உயிரைக் காப்பாற்ற எடுத்தார்கள். நான் நூலக அட்டையை வைத்துக்கொண்டு எடுத்துவிட்டேன் என்று நினைத்தேன். அப்பா என் முகத்தைப் பார்த்தார். பிறகு, வண்டியை நடுரோட்டில் அணைத்துவிட்டு அழுகிறவர்களுக்குச் செய்வது போல, என் கையை எடுத்து மேசைமேல் வைத்து இரண்டு தட்டுத் தட்டினார். எனக்கு அது இன்னும் மோசமாக இருந்தது.

அம்மாவுக்கு அழுகை வந்தால் ஏதாவது வேலை செய்தாக வேண்டும். சுருட்டி வைத்திருந்த ஒயரை எடுத்தாள், நீவினாள், தினமும் காலையில் அப்பா எழுந்து வருமுன் செய்கிறபடி ஒரு முனையைச் சுவரில் செருகினாள், மறுமுனையை லேப்டாப்பில் செருகினாள். பக்கவாட்டில் ஒரு சின்ன விளக்கு எரிந்தது.

புது பேட்டரியைத் தூங்க வைத்துத்தான் அனுப்புவார்களாம், முதல் தடவை சார்ஜரைச் செருகினால்தான் விழிக்குமாம். பெட்டியில் இருந்த துண்டுச் சீட்டின் முதல் வரியே அதுதான். கையில் கிடைத்ததையெல்லாம் படிக்கிறவள் என்று நம் உறவில் பெயர் வாங்கியவள் நான். அந்த ஒரு வரியைத்தான் படிக்கவில்லை. "இத்தனை படிச்சு என்னத்தைக் கண்டே?" என்றாள் அம்மா, கண்ணைத் துடைத்துக்கொண்டே.

முழுக்கச் சார்ஜ் ஏறும்வரை யாரும் அதன் பக்கம் போகவில்லை. ஏறியதும் அப்பாவே ஒயரைப் பிடுங்கினார். திரை அணையவில்லை. இன்னும் கொஞ்சம் பார்த்தார். அணையவில்லை. லேப்டாப்பைக் குழந்தையைத் தூக்குகிற மாதிரி இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு சமையலறைக்கு நடந்தார். நானும் பின்னாலேயே போனேன். இத்தனை நாள் பாதியில் அறுந்த சண்டைகளுக்கெல்லாம் வட்டியும் முதலுமாக இன்றைக்குப் பதில் வரப்போகிறது என்று நினைத்தேன். அம்மாவும் அதையேதான் எதிர்பார்த்தாள் போல. அடுப்பைப் பார்த்து நின்றவள் திரும்பவில்லை, ஆனால் தோள் இரண்டும் விறைத்துக்கொண்டு காத்திருந்தது. அப்பா கதவில் சாய்ந்து, லேப்டாப்பை இடது கையில் தாங்கிக்கொண்டு, வலது கையால் தட்டினார். செய்தி வாசிப்பவர் சொன்னார்:

"சும்மா வந்தேன்."

அம்மா கரண்டியைக் கீழே வைத்தாள். பிறகு, "ம்" என்றாள். அப்புறம், "வந்ததுதான் வந்தீங்க, மேல இருக்கற அந்த டப்பாவை எடுத்துக் குடுங்க."

தட்டல். "கையில லேப்டாப் இருக்கு."

"ஆமா, இனிமே எதுக்கெடுத்தாலும் இது ஒரு சாக்கு!"

அதற்கு மேல் நான் அங்கே நிற்கவில்லை. அடுப்பை அணைத்த பிறகும் அவர்கள் வெளியே வரவில்லை.

ஆகவே அத்தை, நீங்கள் கவலைப்பட வேண்டாம். இனி அப்பாவின் பேச்சுக்கு ஒயர் கிடையாது. ஒரு நல்ல தோள்பை தேடி எடுத்து, வாரில் ஒரு தையல் போட்டு வைத்திருக்கிறேன். லேப்டாப்பைக் கழுத்தோடு மாட்டிக்கொண்டே தட்டுவதற்கு ஏதாவது வழி இருக்கிறதா என்றும் பார்த்துக்கொண்டிருக்கிறேன். கூடிய சீக்கிரம் அவர் அதோடு வெளியே இறங்குவார். அது இல்லாமல் இறங்கமாட்டார் என்பது எனக்கு நிச்சயமாகத் தெரியும்.

அம்மா தன் அண்ணிக்கு அன்பைச் சொல்லச் சொன்னாள். முழங்காலில் ஈரத் துணியோடு உட்காராதீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லச் சொன்னாள். அப்பா தன் பங்கைத் தானே தட்டினார், லேப்டாப்பும் வீடு அதிர வாசித்தது. உங்களுக்குக் கேட்டிருக்காது என்பதால் எழுதுகிறேன்: "அக்கா, நான் நல்லா இருக்கேன். நீ வேளைக்குச் சாப்பிடு." நீங்கள் நெடுநாள் நல்லபடியாக இருந்து எங்களைத் திட்டிக் கடிதம் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும் என்று விரும்பும்,

உங்கள் தம்பி மகள்.

பி.கு.: உறையை ஒட்டப் போனவள் மறுபடி பிரித்து எழுதுகிறேன். மேலே உங்கள் கேள்விக்கு நான் எழுதிய பதிலையும், கடைசியில் நிச்சயமாகத் தெரியும் என்று எழுதியதையும் அடித்துவிட்டுப் படியுங்கள். தபாலில் போட நான் கிளம்பினால், அப்பா குறுக்கே கையை நீட்டிக் கடிதத்தைக் கேட்கிறார். சட்டை மாற்றி, தலை வாரி, செருப்பும் போட்டாயிற்று. பையில் லேப்டாப்பை வைத்துக் கொடுத்தேன். தோளில் மாட்டினார், இரண்டு படி இறங்கினார், திரும்பி ஏறி வந்து மேசைமேல் எடுத்து வைத்துத் தட்டினார். "கனமா இருக்கு." நான், "வெளிய யாராவது ஏதாவது கேட்டா என்னப்பா செய்வீங்க?" என்றேன். உதட்டைப் பிதுக்கினார். "அப்ப நான் இவ்வளவு பாடுபட்டது எதுக்கு?" என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "இது வீட்டுக்கு" என்று தட்டினார். உள்ளேயிருந்து அம்மா, "இருங்க, நானும் வரேன். காய் வாங்கணும். யாரு என்ன கேட்டாலும் நான் வாயைத் தொறக்க மாட்டேன், நீங்களே சமாளிச்சுக்கோங்க" என்று செருப்பைத் தேடிக்கொண்டிருக்கிறாள். அப்பா வெளியே நின்று கதவைத் தட்டுகிறார். கடிதத்தைக் கொடுக்க வேண்டும், முடித்துக்கொள்கிறேன். வீட்டில் இனி நானும், முழுக்கச் சார்ஜ் ஏறிய லேப்டாப்பும் மட்டும்தான்.